ஆறு பத்துக்குப் பூட்டிக்கொள்ளும் மெயில்

கோபமாக இருக்கும் தம்பிக்கு, கோபம் முக்கால்வாசி தீர்ந்துவிட்ட அக்கா எழுதுவது. அம்மாவும் நானும் நலம். நீ நலமா என்று ஒரு வரியில் கேட்டு முடித்துவிட என்னால் முடியவில்லை. அதனால்தான் கடிதம் நீளமாக இருக்கும்.

உன் புது நம்பர் யாருக்கும் தெரியவில்லை. கண்ணாடிக் கடை வைத்திருக்கும் உன் சிநேகிதனிடம் போய் நின்றேன். தன்னிடமும் நீ பேசுவதில்லை என்றான். போன புதிதில் ஒரு விலாசம் அனுப்பினாயாம், அதை எழுதிக் கொடுத்தான். இன்னும் அங்கேதான் இருக்கிறாயா, வேறு இடம் போய்விட்டாயா, தெரியாது. ஏழு வாரம் ஆகிறது தம்பி.

என் மெயில் கதையைச் சொல்கிறேன், கேள். ஆஸ்பத்திரியில் எந்த நர்ஸ் எந்த வார்டுக்கு என்ற லிஸ்டைத் தினமும் காலை ஆறரைக்குள் மெயிலில் அனுப்ப வேண்டியது நான்தான் என்று உனக்குத் தெரியும். வீட்டிலேயே சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு அனுப்பிவிட்டுத்தான் குளிக்கப் போவேன். நீ போன மறு வாரம், ஆபீஸ் விதிப்படி மூன்று மாதத்துக்கு ஒரு முறை மாற்றும் பாஸ்வேர்டை மாற்றினேன். அன்றைக்குப் பிடித்தது சனியன்.

பாதி லிஸ்ட் அடித்துக்கொண்டிருப்பேன், மறுபடியும் உள்ளே வரச் சொல்லி வெளியே தள்ளிவிடும். சரியான பாஸ்வேர்டைத்தான் போடுவேன், தவறு என்று சொல்லும். ஒவ்வோர் எழுத்தாக வாய்விட்டுச் சொல்லி அடித்தேன். நான் யாரையோ திட்டுகிறேன் என்று அம்மா அடுக்களையிலிருந்து ஓடி வந்தாள். அரை மணி நேரம் கழித்து, ஒன்றுமே நடக்காததுபோலத் தானாகத் திறந்துகொள்ளும்.

எங்கள் ஆபீஸில் கம்ப்யூட்டர் பார்ப்பவர் வாய் திறக்குமுன் மூன்று தடவை மூக்கை உறிஞ்சுவார். உறிஞ்சிவிட்டு, பிரவுசரில் சேர்ந்திருந்த பழைய குப்பையை எல்லாம் அழித்தார். வேறு பிரவுசர் போட்டுக் கொடுத்தார். நான்கைந்து இடத்தில் மெயிலைத் திறந்து வைக்காதீர்கள் என்று கடிந்துகொண்டார். லேப்டாப் கடிகாரம் ஏழு நிமிடம் முந்தி ஓடுவதைக் கண்டுபிடித்து, இதுதான் காரணம் என்று சந்தோஷப்பட்டார். நான் பஸ்ஸை விடக் கூடாது என்று நீ வைத்துவிட்டுப் போனது அது. அதையும் சரிசெய்துவிட்டார். மெயில் மசியவில்லை. நான் இப்போது பஸ்ஸைத்தான் விடுகிறேன்.

போன மாதம் ஒரு நாள் லிஸ்ட் போகாமல், ஒரே வார்டுக்கு இரண்டு நர்ஸ்கள் வந்து நின்றார்கள். குழந்தைகள் வார்டில் நாற்பது நிமிடம் யாருமே இல்லை. நல்ல காலம், ஒன்றும் ஆகவில்லை. மேலதிகாரி எழுத்தில் விளக்கம் கேட்டார்.

அதற்கப்புறம்தான் கம்ப்யூட்டர்காரர் தலைமை அலுவலகத்திலிருந்து என் கணக்கின் பதிவுகளை வாங்கிப் பார்த்தார். ஒரு பழைய ஃபோன், எங்கோ வெளியூரில் இருந்துகொண்டு, நெட் போடும்போதெல்லாம் தானாகவே என் பழைய பாஸ்வேர்டைப் போட்டுப் போட்டுப் பார்க்கிறதாம். ஐந்து தடவை தப்பானால் கணக்கு அரை மணி நேரம் பூட்டிக்கொள்ளுமாம். “இது யாரோட ஃபோன் மேடம்?” என்று கேட்டார். எங்கள் வீட்டு ஃபோன்தான் என்றேன். வேறென்ன சொல்வது?

நான் உனக்குக் கொடுத்த ஃபோன். என் மெயிலை எடுக்காமலே தூக்கிக் கொடுத்த புத்திசாலி நான். உன் பழைய முதலாளிக்கு, உனக்குத் தெரியாமல், என் தம்பிக்குப் பொறுப்பு கொஞ்சம் குறைவு, தயவுசெய்து மறுபடி சேர்த்துக்கொள்ளுங்கள் என்று நான் எழுதியதை நீ அதில்தானே படித்தாய். படித்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் பையை எடுத்துக்கொண்டாய். கத்தியிருக்கலாமேடா. நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், அதோடு போயிருக்கும்.

பதிவில் இருந்த நேரங்களை நான் தனியாக எழுதி எடுத்துக்கொண்டேன். காலை ஆறு பத்து. மதியம் ஒன்று. சாயங்காலம் ஏழு. பேட்டரி தீர்ந்துவிடும் என்று நெட்டை அணைத்து அணைத்துப் போடும் கஞ்சன் நீதானே. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒன்பதரை. நன்றாகத் தூங்குகிறாய் போலிருக்கிறது.

அம்மாவிடம் சொன்னேன். மெயில் என்றால் என்னவென்றே தெரியாதவள், இப்போது ஆறு மணிக்கே என் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, “பூட்டிக்கிச்சாடி?” என்று கேட்கிறாள். பூட்டிக்கொண்டது என்றால், “எழுந்துட்டான்” என்று சொல்லிவிட்டு டீ போடப் போகிறாள். நானும் இப்போது ஆறு மணிக்கு முன்னாலேயே லிஸ்டை அனுப்பிவிட்டு, பூட்டுவதற்காகக் காத்திருக்கிறேன்.

போன புதனும் வியாழனும் மெயில் அருமையாக வேலை செய்தது. ஒரு தடவைகூட வெளியே தள்ளவில்லை. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆபீஸில் உட்கார்ந்துகொண்டு ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை மெயிலைத் திறந்து பார்த்தேன், திறந்தது, திறந்துகொண்டே இருந்தது. அம்மா இரண்டு நாளும் சரியாகச் சாப்பிடவில்லை. வெள்ளிக்கிழமை ஆறு பத்துக்குப் பாஸ்வேர்டு தவறு என்று வந்தது பார், நான் மேசையில் தலையை வைத்து அழுதுவிட்டேன். ஃபோன் கெட்டிருந்ததா? உடம்பு சரியில்லையா? எதுவானாலும் எனக்குத் தெரிய வேண்டும்.

தம்பி, நான் செய்தது தப்பு. உன்னைக் கேட்காமல் எழுதியதும் தப்பு, எழுதிய விதமும் தப்பு. நீ பொறுப்பில்லாதவன் இல்லை. நான் பஸ்ஸை விடக் கூடாது என்று கடிகாரத்தை முன்னால் தள்ளி வைக்க இந்த வீட்டில் வேறு யாருக்குத் தோன்றியது?

வருகிற திங்கட்கிழமை அந்த ஃபோனை என் கணக்குப் பக்கமே வரவிடாமல் தடுத்துவிடப் போகிறார்கள். மேலதிகாரி உத்தரவு. ஒரு வாரம் தள்ளிப் போடச் சொல்லிக் கெஞ்சிப் பார்த்தேன், கம்ப்யூட்டர்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அதற்குப் பிறகு என் மெயில் பூட்டிக்கொள்ளவே கொள்ளாது. செவ்வாய்க்கிழமை ஆறு பத்துக்கு அம்மா கேட்பாள். நான் என்ன சொல்ல?

வீட்டுக்கு வா என்று சொல்லவில்லை. பேசு என்றுகூடச் சொல்லவில்லை. காலையில் ஒரு மிஸ்டு கால் கொடு, நான் எடுக்க மாட்டேன், சத்தியம். என் நம்பர் மாறவில்லை. எங்கே இருந்தாலும் நன்றாக இரு, வேளாவேளைக்குச் சாப்பிடு, நிம்மதியாகத் தூங்கு. ஆனால் ஆறு பத்துக்கு எழுந்துவிடு.

உன் அக்கா