மேட்டில் நின்ற கார்

முருகன் துணை

தலவாக்கலை
21.12.1959

அன்பு மகன் அழகுமுத்துவுக்கு அப்பா செல்லசாமி ஆசீர்வாதத்துடன் எழுதுவது. உன் அம்மாவும் தங்கச்சி நாகலெட்சுமியும் ஆண்டவன் புண்ணியத்தில் சுகம், நான் ஓட்டும் தோட்டத்துத் துரையின் காரும் நேற்றிலிருந்து சுகம், எனக்குத்தான் சுகமில்லை. கொழும்பு கராஜில் உன்னை வேளைக்குச் சாப்பிட விடுகிறார்களா என்று அம்மா கேட்கச் சொல்கிறாள்.

தம்பி, போன கடிதத்தில் உன்னைத் திட்டி எழுதியிருந்தேன். தீபாவளிக்கு வந்தபோது நீ எஞ்சின் மேல்மூடியைக் கழற்றி ஆயில் கசியாமல் இருக்கப் புது கார்க் பேக்கிங் போட்டாய், அதற்குப் பிறகுதான் ஆயில் ஒழுகுகிறது, மேலே டிக் டிக்கென்று தட்டுகிறது என்று எழுதினேன். துரையிடமும் அதையே சொன்னேன். ஹட்டன் கிளப்புக்குப் போகும் வழியில் சத்தம் கேட்டு அவர் என் முகத்தைப் பார்த்ததும் வாய் தானாக உன் பெயரைச் சொல்லிவிட்டது. ஒன் மகன் இனி தோட்டத்துக்குள்ள வரக் கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டார். தையில் தங்கச்சி கல்யாணம். மாப்பிள்ளைக்கு மாலை போட்டு அழைத்து வர மச்சான் வேண்டாமா என்று அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்தச் சத்தமோ என்னை உட்காரவிடவில்லை. சோற்றில் கை வைத்தால் எழுந்து போய்ப் பார்ப்பேன். பெரிய ஸ்குரூ டிரைவரை எஞ்சினில் ஊன்றிப் பிடியைக் காதில் வைத்துக் கேட்பேன், மேலேதான் தட்டும். தேயிலைப் பெட்டிப் பலகையை அடியில் போட்டால் சொட்டெல்லாம் பின்பக்கம் விழும், எங்கிருந்து வருகிறது என்று பிடிபடாது. ஆயில் பார்க்கும் கம்பியை இழுத்தால் நிறையவே காட்டும். ஆயிலும் இருக்கிறது, தட்டவும் செய்கிறது என்றால் உன் கைவேலைதான் என்று முடிவு கட்டினேன்.

நேற்று ஞாயிறு, காலையில் ஆட்களைப் பேர் கூப்பிடும் பெரட்டுக்களம் காலியாகக் கிடந்தது. நம் தோட்டத்தில் மட்டமான தரை அது ஒன்றுதானே. காரை அங்கே கொண்டுபோய், எஞ்சினை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, கசியும் இடம் நனைந்து காட்டட்டும் என்று நாகலெட்சுமி கல்யாணத்துக்கு வாங்கி வைத்த முகப்பவுடரை மேலே தூவினேன். கேட்காமல் எடுத்ததால் அவள் இன்னும் என்னோடு பேசவில்லை. கால் மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்தால், நீ போட்ட பேக்கிங் ஓரமெல்லாம் பவுடர் வெள்ளை மாறாமல் இருக்கிறது. பக்கவாட்டில் சின்ன ஆயில் குழாயின் நட்டுதான் நனைந்திருந்தது. கார்த்திகையில் அதைக் கழற்றிப் பூட்டியவன் நான். எஞ்சினை ஆறவிட்டுக் கம்பியை இழுத்தேன், நுனியில்தான் ஆயில். தீபாவளி முடிந்த வாரம் மண் சரிந்து பங்களா கராஜ் போனதிலிருந்து கார் மேட்டில் முகத்தைத் தூக்கிக்கொண்டுதான் நிற்கிறது. அங்கேயே வைத்து நான் தினமும் அளந்திருக்கிறேன். இருந்த கொஞ்ச ஆயிலும் பின்னால் ஓடிக் கம்பியில் ஏறிக் காட்டியிருக்கிறது, மேலே போக ஆயில் இல்லாமல் எஞ்சின் தட்டியிருக்கிறது. பதினெட்டு வருஷம் வண்டி ஓட்டினவனுக்கு இது தோன்றவில்லை பார். நட்டை இறுக்கி ஆயில் ஊற்றினேன், சத்தம் நின்றுவிட்டது.

இன்று காலை துரை காரில் ஏறி, சத்தம் இல்லையே, நீ கெட்டிக்காரன் என்று தோளில் தட்டினார். நான் சிரித்தேன், தம்பி. அதிலிருந்து வீட்டுக்கும் ரோட்டுக்குமாக நடக்கிறேன், குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கிறது. உண்மையைச் சொன்னால் வேலையும் இந்த வீடும் போகலாம், அதுவும் கல்யாணத்துக்கு முன்னால். அம்மாவிடம் சொன்னேன். வேல போனாப் போகுதுங்க, புள்ளய விட்டுக் குடுக்காதீங்க என்று அழுதாள். நாளைக் காலை பெரட்டு முடிந்ததும் துரையிடம் சொல்லப்போகிறேன். துரையைக் கண்டால் என் வாய் என்ன சொல்லும் என்று எனக்கே நம்பிக்கையில்லை. அதனால்தான் இதை இப்போதே தபால்கார நல்லமுத்து கையில் கொடுக்கிறேன். உனக்கு எழுதிப் போட்ட பிறகு நான் மாற்றிப் பேச முடியாது.

என்னை மன்னித்துக்கொள், மகனே. நேரத்துக்குச் சாப்பிடு, மழையில் ஈரச் சட்டையோடு நிற்காதே. முருகன் உன்னைக் காப்பாற்றட்டும். கல்யாணத்துக்கு வரும்போது தங்கச்சிக்கு ஒரு பவுடர் டப்பா மறக்காதே. யாருக்கும் பயந்து தேயிலைக்குள் குறுக்குவழியில் வராதே. கார் என் கையில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஸ்டேஷனில் நிற்பேன், இரண்டு பேரும் துரை பங்களா முன்னால் பெரிய ரோட்டு வழியாகவே நடந்து வருவோம்.

இப்படிக்கு
உன் அப்பா
செல்லசாமி