மேற்பார்வையில் விவாதிக்கப்பட்டவை

மார்ச் 4, செவ்வாய்

மருத்துவமனையில் என் அறைக் கதவில் புதுப் பலகை மாட்டியிருக்கிறார்கள். "மேற்பார்வைக்கு உட்பட்ட உளவியல் பயிற்சியாளர்." உளவியலாளர் என்று போட்டுக்கொள்ள உரிமம் வேண்டுமாம். உரிமம் வேண்டுமென்றால் இரண்டாயிரம் மணி நேரம் மேற்பார்வையில் வேலை பார்த்திருக்க வேண்டும். இன்றோடு ஆயிரத்து எழுநூற்றுப் பன்னிரண்டு.

பஸ் ஓட்டுநர் வந்தார். விபத்துக்குப் பிறகு ஸ்டியரிங்கைத் தொட்டாலே கை நடுங்குகிறது என்று ஏழு மாதமாக என்னிடம் வருகிறவர். பலகையை நிதானமாகப் படித்துவிட்டு, "உங்களுக்கு மேல ஒருத்தர் பாத்துக்கிட்டே இருப்பாங்களாம்மா?" என்றார். ஆமாம் என்றேன்.

"பாவம்," என்றார்.

மார்ச் 6, வியாழன்

வாரம் ஒரு மணி நேரம், நேருக்கு நேர், உரிமம் பெற்ற மூத்த உளவியலாளர் ஒருவரிடம் என்னிடம் வருகிறவர்களைப் பற்றி நான் பேச வேண்டும். இது விதி. என் மூத்த உளவியலாளர் அம்மையார். (நேரில் மேடம். இந்த நோட்டில் மட்டும் அம்மையார்.)

ஓட்டுநரைப் பற்றி ஆரம்பித்தேன். "அத விடு. என் பையன் இன்னும் போன் எடுக்கல," என்றார். ஐம்பது நிமிடம் பையன். மீதிப் பத்து நிமிடம் மருமகளும் ஒழுகுகிற குளியலறைக் குழாயும். "அப்ப உங்களுக்கு எப்படி இருந்துச்சு மேடம்?" என்று கேட்டேன். பழக்கதோஷம். அழுதுவிட்டார். டிஷ்யூ பெட்டியை அவர் பக்கம் நகர்த்தினேன்.

பதிவேட்டில் 'விவாதிக்கப்பட்டவை' என்று ஒரு கட்டம். என்னத்தை எழுத? 'குடும்ப உறவுச் சிக்கல்கள்' என்று எழுதினேன். படிக்காமலே கையெழுத்துப் போட்டார். பொய்யில்லையே?

ஏப்ரல் 2

அம்மா போனில். "எப்பதான் டாக்டராவ?" டாக்டர் இல்லம்மா என்றேன். "அப்ப என்னதான் ஆவ?"

தெரிந்தால் சொல்ல மாட்டேனா.

மே 15

தலைமை மருத்துவர் கூப்பிட்டார். நிரந்தர வேலை ஒன்று காலியாகிறது. ஆகஸ்ட் முடிவதற்குள் உரிமம் கையில் இருந்தால் எனக்கே. "இல்லாட்டி வேற ஆளப் பாக்கணும்மா." இரண்டு வருடம் மாங்கு மாங்கென்று உழைத்தது இதற்குத்தானே.

ஜூன் 26, வியாழன்

இரண்டாயிரம்!!

விண்ணப்பத்தோடு மேற்பார்வையாளரின் உரிமச் சான்றிதழையும் படம் எடுத்து வைக்க வேண்டும். அது அம்மையாரின் நாற்காலிக்குப் பின்னால் சுவரில் தொங்குகிறது. இரண்டு வருடமாக வாரந்தவறாமல் அதற்கு எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறேன். கீழ்ப்பாதியை மட்டும் செடி ஒன்று மறைத்துக்கொண்டிருந்தது. இலையை ஒதுக்கிப் படம் எடுத்தேன்.

காலாவதியாகிப் பதினொரு மாதம்.

"மேடம்..." என்றேன். திரும்பியே பார்க்கவில்லை. அவருக்குத் தெரிந்திருக்கிறது! உரிமத்தைப் புதுப்பிக்க ஆறு மணி நேரம் தொழில் நெறி வகுப்புக்குப் போயிருக்க வேண்டுமாம். "அந்த வகுப்ப நடத்துறதே நான்தான். நடத்துனா கணக்குல வராதாம், உக்காந்து கேட்டாத்தான் வருமாம். போங்கடான்னு விட்டுட்டேன்." பிறகு மேசை இழுப்பறையிலிருந்து ஒரு நகலை எடுத்து நீட்டினார். தேதி இருக்கிற இடத்தில் பாந்தமாக மை கொட்டியிருந்தது. "இத வச்சு அனுப்பு. எவன் உத்துப் பாக்கப் போறான்?"

வாங்கிக்கொண்டேன். வாங்காமல்?

ஜூன் 29

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "அனுப்பிடு. யாருக்கு என்ன நஷ்டம்?" என்றார் இவர். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. தொழில் நெறித் தேர்வில் நான் தொண்ணூற்றெட்டு வாங்கியவள். உறையில் போட்டு ஒட்டியாகிவிட்டது.

ஜூலை 1

ஓட்டுநர் நேற்று டிப்போவில் நின்றிருந்த பஸ்ஸில் ஏறி, தன் இருக்கையில் நாலு நிமிடம் உட்கார்ந்தாராம். சட்டைப் பையிலிருந்து ஓட்டுநர் உரிமத்தை எடுத்துக் காட்டினார். போன வாரம்தான் புதுப்பித்தது. வண்டியே ஓட்டலையே, எதுக்கு என்றேன்.

"ஒரு நாள் தவறுனாலும் ஸ்டியரிங்க தொடமாட்டேன்மா. பின்னாடி அம்பது பேரு. என் லைசென்ஸ வாங்கிப் பாத்துட்டா ஏறுறாங்க? நம்பித்தானே ஏறுறாங்க."

செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. மனுஷன் வேறு எதையும் மனதில் வைத்துச் சொல்லவில்லை, பாவம். அவர் போனதும் உறையைக் கிழித்தேன். இலையை ஒதுக்கி எடுத்த படத்தை வைத்து, அப்படியே அனுப்பிவிட்டேன்.

பைத்தியமா நான்?

ஜூலை 3, வியாழன்

அம்மையாரிடம் சொன்னேன். செடியைப் பார்த்தபடி, "நல்லா இரு," என்றார். வாழ்த்தா சாபமா என்று தெரியவில்லை. சாயங்காலம் என் போனையும் எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 8

உரிம வாரியத்தின் கடிதம். உரிமம் இல்லாதவர் மேற்பார்வையிட்ட எண்ணூற்று அறுபத்துநான்கு மணி நேரம் தள்ளுபடி. புது மேற்பார்வையாளர் கிடைக்கும்வரை நான் யாரையும் பார்க்கக் கூடாது. கடைசி வரியில், "தங்கள் நேர்மை கோப்பில் குறித்துக்கொள்ளப்பட்டது."

இவர் வாங்கிப் படித்தார். "நேர்மைக்கு எத்தன மணி நேரம் குடுத்திருக்காங்க?"

ஆகஸ்ட் 12

கடைசியாக ஓட்டுநரிடம் சொன்னேன். நாலு நிமிடம் வரைக்கும் வந்த மனுஷனை நடுவழியில் இறக்கிவிடுகிறேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பஸ்ஸு எங்கயும் ஓடிடாதும்மா. நீங்க வாங்க," என்றார்.

ஆகஸ்ட் 20

வாரியம், மூன்றாம் கவுண்ட்டர். மேற்பார்வையாளர் பட்டியல் கேட்டேன். பதினேழு பேர். வெளியே வந்து ஒவ்வொருவராகப் போன் போட்டால் நாலு பேர் உயிரோடு இல்லை. திரும்பப் போய்ச் சொன்னேன். குமாஸ்தா முகத்தை நிமிர்த்தவில்லை. "பேர எடுக்கணும்னா அவங்கதான் எழுதிக் குடுக்கணும்."

ஆகஸ்ட் 30

வேலை வேறு ஒருவருக்குப் போய்விட்டது. குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

அக்டோபர் 9

புது மேற்பார்வையாளருக்குக் 'கடிகாரம்' என்று பெயர் வைத்திருக்கிறேன். சரியாக அறுபது நிமிடம், அலாரம் அடிக்கும். நலமா என்றுகூடக் கேட்கவில்லை. ஓட்டுநரைப் பற்றிச் சொன்னதும் முதல் கேள்வி: "விபத்து நடந்தன்னிக்கு அந்த பஸ்ல இருந்தது யாரு யாரு?"

தெரியாது. இத்தனை மாதத்தில் ஒரு தடவைகூட நான் அதைக் கேட்கவில்லை. மேற்பார்வை என்றால் இதுதானா? வெட்கமாகப் போய்விட்டது.

அக்டோபர் 14

கேட்டேன். முன் இருக்கையில் அவருடைய தங்கை இருந்தாளாம். காலில் அடி, பிழைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து அவளிடம் பேசவே இல்லையாம். முதல் தடவையாக அழுதார்.

பிப்ரவரி 17

டிப்போவுக்குள் ஒரு சுற்று ஓட்டினாராம். பக்கத்தில் தங்கை.

மே 2, வியாழன்

இந்த நோட்டு பரண்மேல் கிடந்தது. நாலு வருடம் ஆகிவிட்டது. கதவில் இப்போது 'உளவியலாளர்' மட்டும்தான். போன மாதத்திலிருந்து நானும் மேற்பார்வையாளர்.

அம்மையார் மீதான விசாரணையை வாரியம் ஒருவழியாக முடித்துவிட்டது. உரிமம் திரும்ப வேண்டுமென்றால் இருநூறு மணி நேரம் மேற்பார்வையில் வேலை பார்க்க வேண்டும். இன்று காலை பதிவேட்டோடு என் எதிரில் வந்து உட்கார்ந்தார். தலை முழுக்க நரைத்திருக்கிறது.

"என்கிட்ட ஏன் மேடம் வந்தீங்க?"

"நீதான் ஒழுங்கா பாப்ப." பிறகு, "பையன் பேசுறான் இப்பல்லாம்," என்றார்.

தன்னிடம் வருகிற ஒரு பெண்ணைப் பற்றி ஆரம்பித்தார். நடுவில், "நீ ஏன் இப்படி இளைச்சுப் போயிட்ட?" என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றுதான் சொல்ல வாயெடுத்தேன். அம்மா எங்களோடு வந்து இருப்பது, அவளும் இவரும் முகம் கொடுத்துப் பேசாதது, நடுவில் நான் மாட்டிக்கொண்டு முழிப்பது — எல்லாம் வந்துவிட்டது. "ம்ம்... அப்ப உனக்கு எப்படி இருந்துச்சு?" என்று மட்டும் கேட்டார். என்ன அழகாகக் கேட்கிறார் இந்த மனுஷி! மணியைப் பார்த்தால் ஐம்பத்தைந்து நிமிடம் ஓடியிருந்தது. டிஷ்யூ பெட்டி என் பக்கத்தில் இருந்தது.

பதிவேட்டை என் பக்கம் திருப்பி வைத்தார். 'விவாதிக்கப்பட்டவை' கட்டத்தில் அவருடைய பழைய சாய்ந்த எழுத்தில் எழுதியிருந்தது: குடும்ப உறவுச் சிக்கல்கள்.

படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.