தோப்பிலிருந்து வீடுவரை வந்தது

1982 ஆனி, வியாழன் இரவு

முந்தாநாள் கொய்யாத் தோப்பில் குரங்குகளை விரட்ட என் வீட்டுக்காரர் ஏர்கன்னால் சுட்டார். ஒரு குட்டி செத்துப்போனது. பயமுறுத்தத்தான் சுட்டேன் என்கிறார்.

இன்று மதியம் இவருக்குச் சோறு கொண்டுபோனேன். தாய்க் குரங்கு செத்த குட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு கிணற்று மேட்டில் உட்கார்ந்து ஈ ஓட்டிக்கொண்டிருந்தது. மரத்தில் இருந்த கூட்டம் ஒரு பழத்தைக்கூடத் தொடவில்லை. என்னையும் பக்கத்துத் தோப்பு முத்தையா அண்ணனையும் அவை கண்டுகொள்ளவில்லை. மோட்டார் ரூமிலிருந்து இவர் வெளியே வந்ததும் அத்தனையும் சத்தமில்லாமல் இவரையே பார்த்தன. இவர் நடக்க நடக்க, மரத்துக்கு மரம் தாவிக் கூடவே வந்தன.

“மாப்ள, அதுக ஒன்னைய அடையாளம் வச்சிருக்குக. கொஞ்ச நாளைக்கு இங்கிட்டு வராத,” என்றார் அண்ணன்.

“குரங்குக்குப் பயந்து தோப்ப விட்டுட்டு எங்கண்ணே போறது?” என்று இவர் சிரித்தார்.

விளக்கு வைக்கும் நேரத்தில் துணி எடுக்கக் கொல்லைக்குப் போனேன். மதில்மேல் அந்தத் தாய்க் குரங்கு உட்கார்ந்திருந்தது. கையில் குட்டி இல்லை. உள்ளே தொட்டிலில் என் மகன் அழுதான். அது தலையைச் சாய்த்து, அந்த அழுகையைக் கேட்டுக்கொண்டே இருந்தது.

எல்லா ஜன்னலையும் சாத்திவிட்டேன். புழுக்கம் தாங்கவில்லை, ஒன்றையாவது திற என்கிறார் இவர்.