சிரித்தபடி நின்றாளாம்

அன்பு மகன் பெரியவனுக்கு, அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், உன் மகளுக்கு முன்பல் விழுந்து புதுப்பல் எட்டிப் பார்க்கிறது, உன் மனைவி நன்றாக இல்லை. எப்போதும் போல எல்லோரும் சுகம் என்று எழுத எனக்கு இந்தத் தடவை மனம் வரவில்லை. போனில் பேசினால் சரிம்மா சரிம்மா என்று வைத்துவிடுவாய், அதனால்தான் கடிதம். கோபத்தோடுதான் எழுதுகிறேன், உட்கார்ந்து பொறுமையாகப் படி.

உன் சித்தி மகள் அழகு நிலையம் திறந்த அன்று நாங்கள் எல்லோரும் வரிசையாக நின்று எடுத்த படத்தை உன் சித்தி உனக்கு அனுப்பியிருக்கிறாள். அவளுக்கு வேறு வேலை என்ன. அதைப் பார்த்துவிட்டு நீ உன் மனைவியிடம், நல்லா சிரிச்சிக்கிட்டுத்தானே நிக்கிற, அப்புறம் என்ன வலி, ஆஸ்பத்திரிக்கு அலைஞ்சது போதும், வேலைக்குப் போற வழியைப் பாரு என்று சொன்னாய். அவள் என்னிடம் கோள் மூட்டவில்லை. ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத் துணி மடித்துக்கொண்டிருந்தாள், நான் பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டு என் காதாலேயே கேட்டேன். சரிங்க என்று ஒரே வார்த்தை சொன்னாள், மீதித் துணியையும் மடித்து வைத்தாள். மறுநாளே செருப்புக் கடைக்குக் கிளம்பிவிட்டாள். ஏணியிலிருந்து விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்ட அதே கடை, மேல்தட்டிலிருந்து பெட்டி எடுத்துத் தருகிற அதே வேலை. மத்தியானம் முதலாளியே வண்டி வைத்துக் கொண்டுவந்து விட்டார். வாசற்படி ஏற முடியாத அவளை நானும் அப்பாவும் ஆளுக்கொரு பக்கம் தாங்கிப் பிடித்தோம். அந்த நிலையிலும் அந்த மனிதர், எக்ஸ்ரேல எலும்பு கூடிடுச்சுன்னுதானே இருக்கு, அப்புறம் எப்படிம்மா வலிக்கும் என்று என்னிடம் நியாயம் கேட்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை.

அவருக்குச் சொன்னதையே உனக்கும் சொல்கிறேன். வலிக்கென்றே இருக்கும் அந்த டாக்டரம்மா எங்களை உட்காரவைத்து விளக்கினார். அடிபட்ட இடம் ஆறிடுச்சு, ஆனா நரம்பு இன்னும் அடிபட்ட சேதியையே அனுப்பிக்கிட்டிருக்கு, காலிங் பெல்லுல விரலை எடுத்த பிறகும் பெல் அடிச்சிக்கிட்டே இருந்தா சத்தம் பொய்யா என்று கேட்டார். இது மனப்பிரமை இல்லையாம், சர்க்கரை, பிரஷர் மாதிரி இதுவே ஒரு நோயாம், எக்ஸ்ரே படத்தில் தெரியாதாம். மாத்திரை, கொஞ்சம் நடை, உடற்பயிற்சி, நல்ல தூக்கம் என்று மெதுவாகத்தான் வழிக்குக் கொண்டுவர முடியுமாம். உடம்பு லேசாக இருக்கிறது என்று ஒருநாள் எல்லா வேலையையும் இழுத்துப் போட்டுச் செய்தால் அடுத்து வரும் நாட்களில் படுக்கைதானாம். அப்படிப் பார்த்துப் பார்த்துச் செய்துதான், மகளுக்கு நின்றபடி தலை பின்னிவிடும் அளவுக்கு அவள் தேறியிருந்தாள். நீ ஒரே போனில் அதில் மண்ணைப் போட்டாய். உனக்குப் பல்வலி வந்தபோது வீட்டையே தலைகீழாக்கினாயே, அன்னைக்கு நாம போட்டோ காட்டுடான்னா கேட்டோம் என்று அப்பா கேட்கிறார். பேசாத மனிதரையே பேச வைத்துவிட்டாய்.

அடுத்த வாரம் வியாழக்கிழமை டாக்டரம்மாவைப் பார்க்க வேண்டும். கூப்பிட்டால், அவர்தான் வேண்டாம்னுட்டாரே அத்தை என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறாள். நான் இழுத்துக்கொண்டு போய்விடலாம், ஆனால் நீ நம்பவில்லையே என்ற எண்ணத்தோடு வந்தால் எந்த வைத்தியம் பலிக்கும்? அதனால் அதற்கு முன்னால் நீயே போன் செய்து போகச் சொல். வலி போயிடுச்சா என்று மட்டும் கேட்டுத் தொலைக்காதே, இன்னைக்கு எப்படி இருக்கு என்று கேள். உன் சித்தியை நான் நேரில் கவனித்துக்கொள்கிறேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடு, கண் விழிக்காதே. உடம்பில் ஒரு நோவும் இல்லாமல் நீ நூறு வயது இருக்க வேண்டும். அப்படியே ஏதாவது வந்தாலும், நீ வலிக்கிறது என்றால் நம்புகிற ஒருத்தி உன் பக்கத்தில் இருக்க வேண்டும், அதுதான் என் ஆசீர்வாதம். கடைசியாக ஒன்று, மறக்காமல் செய். அந்தப் படத்தை மறுபடி எடுத்துப் பார். அவளுக்குப் பக்கத்தில் நிற்கிற எனக்கு ஒரு கைதான் தெரியும். இன்னொரு கை அவள் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. அவள் விழுந்துவிடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன்.

இப்படிக்கு,
உன் அம்மா