செத்த ஓடை என்று நீ சொன்னது

அன்புள்ள சின்னவனுக்கு,

அம்மா எழுதுவது. புதுக் கண்ணாடி பழகிவிட்டது, நான் சுகமாகவே இருக்கிறேன். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, சுகமாக இருக்க வேண்டும் என்பதே என் ஜெபம்.

விஷயத்துக்கு வருகிறேன். வீட்டுக்குப் பின்னால் மண்தோண்டும் இயந்திரம் வந்து நிற்கிறது. நாளைக் காலை ஓடையைக் குழாய்க்குள் விட்டு, மேலே மண் நிரப்பி, உன் அண்ணன் பட்டறைக்குக் கிடங்கு கட்டப் போகிறானாம். கேட்டால், “தம்பியே சொல்லிட்டான்மா, அது செத்த ஓடைன்னு. அவன் இன்ஜினீயர். நீங்க என்ன, மீனுக்கு வக்கீலா?” என்கிறான். எதை வைத்து அப்படிச் சொன்னாய்? வெளிநாட்டிலிருந்து வர உனக்கு விடுமுறை கிடைப்பதெல்லாம் இங்கே கடும் கோடையில். நீ பார்த்தது வெறும் கூழாங்கல். மழைக்காலத்தில் ஒருமுறைகூட வந்ததில்லை. பாதிப் பாடத்தைப் படித்துவிட்டுப் பரீட்சை எழுதினால், நான் படித்த கான்வென்டில் எங்கள் சிஸ்டர் விடைத்தாளைத் தொடவே மாட்டார். உன் தீர்ப்பை நானும் தொடமாட்டேன்.

இப்போது ஆற்று மீன்கள் ஓட்டத்தை எதிர்த்து ஏறி வந்து, நம் பின்வாசல் கற்களுக்கிடையே முட்டையிடுகின்றன. ஆற்றின் வேகத்திலும் சேற்றிலும் முட்டை தங்காது. குஞ்சுகள் இங்கே பிழைத்துத்தான் ஆற்றுக்கு இறங்க வேண்டும். அவை தின்னும் பூச்சிகளும், பூச்சிகள் தின்னும் சருகும் ஆற்றுக்குப் போவது இதன் வழியாகத்தான். எதிர்க்கரை ஓடையை மர மில்காரர் போன வருடம் குழாயில் அடைத்தார். அது ஆற்றில் சேரும் இடத்தில் இப்போது பச்சைப் பாசியும் நாற்றமும். “இந்த ஒண்ணுதாம்மா மிச்சம், இதையும் மூடிட்டா நான் வலையைப் போர்த்திக்கிட்டுத் தூங்க வேண்டியதுதான்” என்று மீன்காரர் நேற்று வேலியோரம் நின்று புலம்பினார். அதையும் பெரியவனிடம் சொன்னேன். மனைவியைப் பார்த்து, “அம்மாவுக்குப் பொழுது போகல” என்றான். நிலம் அவன் பெயரில் இருக்கிறது என்ற தெம்பு. மருமகள் என் பக்கம்தான், வாய் திறக்கத்தான் பயம். இந்தக் கடிதத்தைப் படமெடுத்து உன் போனுக்கு உடனே அனுப்ப மட்டும் சம்மதித்திருக்கிறாள்.

நான் கெஞ்சவில்லை. தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று ஒப்புக்கொள்வது எந்தப் படிப்புக்கும் இழுக்கு இல்லை. அதை உன் வாயால் அவனிடம் சொல். தெருப்பக்கம் கிடங்குக்கு இடம் இருப்பதையும் சொல். சொல்லாவிட்டால் நாற்காலியை ஓடை நடுவில் போட்டு உட்காருவேன். வெறும் மிரட்டல் என்று நினைக்காதே, உனக்கு என்னைத் தெரியும்.

கர்த்தர் உன்னைக் காப்பாராக. குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ. அண்ணனிடம் குரலை உயர்த்தாதே, மூத்தவன். இயந்திரக்காரர் விடிந்ததும் வருவார். இங்கே விடிவதைச் சொல்கிறேன், அங்கே அல்ல.

உன் அம்மா