பட்டியலில் இல்லாத பெயர்

21 டிசம்பர் 1995, வியாழன்

காலையில் மூடுபனி. ஒன்பது மணிக்குப் பிறகே வெயில். அலுவலகத்தில் பாதி நாற்காலிகள் காலி. கிறிஸ்துமஸ் யாருக்கோ, விடுப்பு எல்லோருக்கும். நிலுவைக் கோப்புகள் ஏழு. ஐந்து முடித்தேன்.

மாலை தையற்கடையிலிருந்து பிள்ளைகளின் உடுப்புகள் வந்தன. நான்கு. தகப்பனார் தொடங்கிய வழக்கம், இவ்வாண்டும் தவறவில்லை: வீட்டுப் பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரே துணி. இளநீலம், வெள்ளைப் புள்ளி. எனக்கும் பாக்கியத்துக்கும் ஜாய்ஸ், டேனி. பின்கட்டில் இருக்கும் தம்பி செல்வினுக்கும் கிரேஸுக்கும் இரட்டையர். டேனியின் சட்டையில் ஒரு பொத்தான் குறைவு. திருப்பி அனுப்பினேன்.

சனிக்கிழமை வேலைகள்:
கேக் மாவு பேக்கரிக்கு – காலை 6.30. தாமதித்தால் வரிசை.
நட்சத்திர விளக்கு – வயர் மாற்ற வேண்டும்.
முந்திரிக்கொத்து – பாக்கியமும் கிரேஸும். சண்டையின்றி.
ஞாயிறு பள்ளிக் கிறிஸ்துமஸ் மரம் – மாலை 4. பரிசுப் பொட்டலங்கள் 62. பெயர் வாசிப்பது சபைச் செயலர் என்ற முறையில் நான்.

22, வெள்ளி

தூறல். துணி காயவில்லை என்று பாக்கியம் மூன்று முறை சொன்னாள், நான் வானத்தை நடத்துபவன் போல.

லீலாவிடமிருந்து உள்நாட்டுக் கடிதம். காலஞ்சென்ற தம்பி தேவராஜின் மனைவி என்று எழுதவந்து நிறுத்தினேன். ஜூன் முதல் அம்பாசமுத்திரத்தில் வேறொருவர் மனைவி. தேவராஜ் போய் மூன்று ஆண்டுகள் நிறையவில்லை அப்போது. எனக்கு இதுவரை ‘அன்புள்ள அத்தான்’ என்றே எழுதிவந்தவள். இக்கடிதத்தில் ‘மதிப்பிற்குரிய அண்ணன் அவர்களுக்கு’. சரியான முறைதான். வேறு வீட்டுப் பெண் வேறு எப்படி எழுதுவாள்? ஆயினும் முதல் வரியைத் தாண்டச் சற்று நேரமாயிற்று.

செய்தி: ‘நிர்மலா ஒவ்வொரு வருஷமும் போல் சனிக்கிழமை பெரியப்பா வீட்டுக்குப் போக வேண்டும் என்று பிடிவாதம். காலையில் கொண்டுவந்து விட்டு, மாலையில் அழைத்துக்கொள்வார்கள். தங்களுக்குச் சிரமம் இல்லையென்றால்.’

பிள்ளைகள் ஐந்து. உடுப்புகள் நான்கு.

எப்படி நேர்ந்தது என்பதை ஒளிக்காமல் எழுதுகிறேன். நவம்பரில் தையற்காரருக்குப் பெயரும் வயதும் எழுதியபோது சபையின் குடும்பப் பதிவேடு மேசைமேல் விரிந்திருந்தது. அதையே பார்த்து எழுதினேன். பரிசுப் பட்டியலும் அதிலிருந்துதான். அதில் லீலா, மகள் நிர்மலா (9) என்ற வரியின் மேல் சிவப்புக் கோடு. எதிரே ‘அம்பாசமுத்திரம் சேகரத்துக்கு மாற்றம்’; இனி அவர்கள் அவ்வூர்ச் சபையார். என் கையெழுத்து. பிள்ளையின் பெயராவது தகப்பன் வீட்டில் இருக்கட்டும் என்று ஜூனில் செல்வின் கேட்டான். ஒரு பெயர் இரண்டு பதிவேட்டில் நிற்க முடியாது என்றேன். விதி அதுதான். ஆனால் அன்று அக்கோட்டை இருமுறை இழுத்தேன். ஒருமுறை போதும். லீலாவின் மேல் இருந்த கோபம் பிள்ளையின் பெயர் மேலும் ஓடியிருக்கிறது.

பாக்கியம்: “வீட்டுப் பிள்ளைய எண்ணதுக்கு ரிஜிஸ்டரப் பாக்கணுமாங்க? விரல மடக்குனா வந்துரும்லா.”

அப்படியானால் தைத்து வந்தபோது இவள் ஏன் விரலை மடக்கவில்லை? கேட்டேன்.

“நீங்க எழுதினா சரியாத்தான் இருக்கும்னு நம்பிக் கெட்டேன்.”

துணிக்கடை: அந்தப் புள்ளித்துணி தீர்ந்துவிட்டது. தையற்காரர் மிச்சத் துண்டுகளை மேசைமேல் பரப்பிக் காட்டினார். “ரெண்டு கர்ச்சீப்பு வரும் அண்ணாச்சி. கவுன் வராது.”

23, சனி

6.30. பேக்கரி. எனக்கு முன்னரே பதினோரு பேர். மாவுத் தகரத்தில் நம் பெயரைச் சுண்ணாம்பால் எழுதினேன். அடுத்தவர் தகரத்தில் ஒன்றுமில்லை. மாறிப்போகும் என்று எச்சரித்தேன். “மாறினா என்ன சார், நீங்களும் முட்ட கேக்குதான, நானும் முட்ட கேக்குதான” என்றார். இப்படித்தான் நடக்கிறது எல்லாம்.

8.15. மின்சாரம் இல்லை. நட்சத்திர விளக்கு வேலை நின்றது. இரட்டையரில் ஒருவன் அச்சுமுறுக்கு அச்சை ஒளித்துவைத்துவிட்டு இடம் மறந்துவிட்டான். கிரேஸ் பின்கட்டிலிருந்து, “ஏலே, உன்னப் பெத்ததுக்கு ஒரு அச்சப் பெத்திருக்கலாம்!” பாக்கியம் சிரிப்பதை இன்று அப்போது ஒருமுறைதான் கேட்டேன்.

9.20. நிர்மலா. ஜெபராஜ் கொண்டுவந்து விட்டார். லீலாவின் கணவர், பள்ளி ஆசிரியர். வாசலிலேயே நின்று பேசிவிட்டுப் பேருந்துக்குத் திரும்பினார். காப்பி குடிக்கச் சொன்னேன், ஒருமுறைதான் சொன்னேன். இரண்டாம் முறை சொல்லியிருந்தால் உட்கார்ந்திருப்பார்.

பிள்ளை உயர்ந்துவிட்டாள். உடுத்தியிருந்தது சென்ற ஆண்டு நம் வீட்டில் எல்லோருக்கும் தைத்த மஞ்சள் கட்டம். கீழ்மடிப்பைப் பிரித்து இறக்கிவிட்டிருக்கிறார்கள்; பழைய மடிப்பு இருந்த இடத்தில் வெளுக்காத கோடு. இவ்வாண்டுத் துணி இங்கே கிடைக்கும் என்று வந்திருக்கிறாள். கேட்கவில்லை. மூன்று நீல உடுப்புகள் கொடியில் தொங்குவதைப் பார்த்தாள். நான்காவதைப் பொத்தானோடு டேனி கொண்டுவந்தான். அதையும் பார்த்தாள். பிறகு சமையற்கட்டுக்குப் போய், “பெரியம்மா, முந்திரிக்கொத்து உருட்டட்டா?” என்றாள்.

பாக்கியம் என்னைப் பார்த்த பார்வை. எழுத அவசியமில்லை.

11.00. பிள்ளைகள் குளிக்கும் வரிசை எழுதி ஒட்டினேன். யாரும் பின்பற்றவில்லை.

கிரேஸ், நான் கேட்கும்படி: “அத்தான் சட்டத்துல சாவுக்கு எடமிருக்கு, கல்யாணத்துக்கு எடமிருக்கு. பாவம், அப்பனில்லாத பிள்ளைக்குத்தான் பத்தி இல்ல.”

செல்வின்: “சும்மா இருட்டி.”

“நான் சும்மாதான் இருக்கேன். கவுனுதான் சும்மா இல்ல, அங்கன தொங்குது.”

12.30. கேக் வந்தது. அடி தீய்ந்து. நம்முடையது தானா என்று தகரத்தைப் பார்த்தேன்; சுண்ணாம்பு எழுத்து வெந்து அழிந்திருந்தது.

2.00. பதிவேட்டால் வந்ததைப் பட்டியலால் சரிசெய்யலாம் என்று எண்ணிக் கடைவீதிக்குப் போய், பொட்டலங்களில் உள்ளதைப் போன்ற பென்சில் பெட்டி ஒன்று வாங்கினேன். என் செலவு. அதே சிவப்புத் தாள், அதே நூல். சீட்டில் ‘நிர்மலா தேவராஜ்’. பட்டியலின் இறுதியில் 63 என்று பென்சிலால். மை எடுக்கக் கை வரவில்லை.

இது விதிமீறல். சென்ற ஆண்டு தங்கையா சார், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், நாகர்கோவிலிலிருந்து விடுமுறைக்கு வந்த தம் பேரனுக்குத் தாமே வாங்கிய பொட்டலத்தை மரத்தடியில் வைக்க அனுமதி கேட்டார். பட்டியலில் இல்லாத பெயர் மரத்தடியில் வைக்கப்படாது என்று மறுத்தேன். பின்பு அதைத் தீர்மானமாகவும் எழுதி நிறைவேற்றினேன். அப்பேரன் அழுதான். எனக்கு அது தெரியும்.

3.30. புறப்படும் நேரத்தில் ஜாய்ஸ் நீல உடுப்பைக் கழற்றிவிட்டு, சென்ற ஆண்டு மஞ்சள் கட்டத்தை மாட்டிக்கொண்டு வந்து நின்றாள். கையெல்லாம் இறுக்கிப் பிடிக்கிறது.  “பைய நட பிள்ள, கிழிஞ்சிரும் எனக்கு” என்று நிர்மலாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் சிரித்துக்கொண்டே போனார்கள். அந்தச் சிரிப்பில் நான் செய்தது ஒன்றுமில்லை.

மாலை. வரிசையாக எழுதுகிறேன்.

மண்டபத்தில் சவுக்குக் கிளை, பஞ்சு, காகிதச் சங்கிலி. நூறு பேருக்கு மேல். முன்வரிசையில் நம் பிள்ளைகள் ஐவர். ஒவ்வொரு பெயராக வாசித்தேன். அறுபத்திரண்டும் பிழையின்றி. பின்பு, “நிர்மலா தேவராஜ்.”

வந்தாள். இரண்டு கையாலும் வாங்கினாள். முகம் மலர்ந்தது என்று எழுதினால் குறைவு. உடுப்பு இல்லாத குறை அந்த ஒரு கணத்தில் தீர்ந்துவிட்டது என்று நானே நம்பினேன்.

தங்கையா சார் எழுந்தார். “என்ன வே செயலாளரே, இந்தப் பிள்ளை எந்தச் சேகரம்?”

 எனக்கு விடை தெரியாத கேள்வியல்ல. வாய் திறக்குமுன் நிர்மலாவே திரும்பி, பள்ளியில் கேட்டால் சொல்வதைப் போல நேராக நின்று, “அம்பாசமுத்திரம், தாத்தா” என்றாள்.

அவர் முகம் மாறியது. “உன்ன ஒண்ணும் சொல்லல தாயீ. நீ வச்சுக்க. சட்டம் போட்டவரக் கேக்கேன். எம் பேரன் அன்னைக்குப் பந்தக்காலக் கட்டிப்பிடிச்சு அழுதானே, அவனுக்கு ஒரு பென்சில் பெட்டி இல்லாமப் போச்சே, அதுக்குக் கேக்கேன்.”

“இருக்கட்டும், சின்னப் பிள்ளை விஷயம், உக்காருங்க” என்றார் போதகர் ஐயர். இருவரையும் பார்த்து.

நியாயம் தங்கையா சார் பக்கம். இதை அவரிடம் சொல்லப்போவதில்லை, இங்கே எழுதுகிறேன்.

பிள்ளை என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ‘என் தம்பி மகள்’ என்று சொல்லியிருக்க வேண்டும். மூன்றே சொற்கள். மண்டபம் அதற்காகத்தான் காத்திருந்தது, தங்கையா சாரும்கூட. நான் சொன்னது: “நடைமுறைப் பிழை. பொறுப்பு என்னுடையது. குறிப்பேட்டில் பதிவு செய்கிறேன்.”

பிழை என்ற சொல்லை அவள் கேட்டாள். பொட்டலத்தைக் கிளையின் அடியில், இருந்த இடத்திலேயே, சீட்டு மேலே தெரியும்படி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். ஜாய்ஸ் எழுந்து மண்டபத்தைவிட்டு வெளியே போனாள். பாட்டு தொடங்கியது.

வீடு.  தீய்ந்த அடியை வெட்டிவிட்டுப் பாக்கியம் பிள்ளைகளுக்குக் கேக் கொடுத்தாள். நிர்மலா தின்றாள், நன்றாக இருக்கிறது என்றாள். “அப்பா ஆறு மணிக்கு வந்துருவாவ பெரியம்மா” என்றாள். ஒரு கணம் எனக்குத் தேவராஜ் வருவான் என்றே கேட்டது.

ஆறு அடிக்க ஐந்து நிமிடம். ஜெபராஜ். இம்முறை உள்ளே வந்தார். கையில் ஒரு சிவப்புத் தாள் பொட்டலம்.  மண்டபத்திலிருந்து எடுத்துவந்தாரோ என்று பார்த்தேன். இல்லை.

“எங்க ஊர்லயும் இன்னைக்குத்தான் சார் மரம். மதியமே. பேரு வாசிச்சாவ, பிள்ள இல்லன்னுட்டு நான் போய் வாங்குனேன். இத விட்டுட்டு எதுக்குட்டி அங்கன போறன்னு அவ அம்மா கேட்டதுக்கு, அங்க எல்லாருக்கும் ஒரே துணி, நான் போகலன்னா ஒண்ணு மிச்சம் கிடக்கும்லான்னு சொன்னா.” சிரித்தார். வேடிக்கையாகச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டே சொன்னார். அவருக்கு ஒன்றும் தெரியாது.

பாக்கியம் உள்ளே போய்விட்டாள்.

அவர் பேருந்து நேரம் பார்த்தார். நிர்மலா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு, கடைசியாக என்னிடம் வந்தாள். கோபமில்லை. அழுகையில்லை. தெரிந்துகொள்ளக் கேட்கும் முகம்.

“பெரியப்பா, இனிமே நான் வாரதா இருந்தா, முன்னக்கூட்டியே லெட்டர் போடணுமா?”

விருந்தாளிகள் எழுதிவிட்டு வருகிறார்கள். வீட்டுப் பிள்ளைகள் வருகிறார்கள். அவள் கேட்டது அதுதான், எனக்கு விளங்கியது, விளங்கியபின்தான் பதில் சொன்னேன்.

“போட்டால் வசதியாக இருக்கும்மா.”

“சரி” என்றாள்.

வாய் தவறி வந்ததல்ல. ஐம்பது ஆண்டு பழகிய வாய்.

24, ஞாயிறு

மூடுபனி. ஆராதனை 8.30. குறிப்பேட்டில் ‘நடைமுறைப் பிழை’ என்று எழுதவில்லை. வேறு சொல் கிடைக்கவில்லை, இடம் விட்டிருக்கிறேன்.

ஆராதனை முடிந்து தங்கையா சார் வாசலில் நின்றார். இருவரும் செருப்பைத் தேடுவதுபோல் நேரம் கடத்தினோம்.

மதியம், ‘அன்புள்ள நிர்மலா, எழுத வேண்டாம், வா’ என்று ஓர் அஞ்சலட்டையில். மூன்று அட்டைகள் கிழித்து நான்காவது. முகவரி எழுதி எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். ஜாய்ஸ் படியில் உட்கார்ந்திருந்தாள்; நேற்றிலிருந்து முதல் பேச்சு:

“இன்னைக்கு ஞாயித்துக்கிழமை. நாளைக்கு லீவு. தபால்பெட்டியச் செவ்வாய்க்கிழமதான் தெறப்பாவ.”

தெரியும் என்றேன்.

“அம்பாசமுத்திரத்துக்கு அரைமணிக்கு ஒரு பஸ் இருக்கு.”

நாலரைக்குச் சபைக் கமிட்டி. அறிவிப்பு நானே அனுப்பியது. அட்டையைப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன்.