ரத்தம் இல்லை என்று சொன்ன நாள்

என் மீன்காரி அடெல்ஹைட்டுக்கு,

கைகால் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கிற உன் புருஷன் ஹிஸ்கியா எழுதுவது. வால்விஸ் பே குளிரில் இருமல் விட்டதா? மீன் ஆலையில் கையுறை புதிதாகக் கொடுத்தார்களா?

கண்ணைப் பற்றி முதலாளியம்மாவிடம் சொல்லிவிட்டாயா என்று இரண்டு கடிதத்திலும் கேட்டிருந்தாய். சொல்லவில்லை. வேட்டைப் பண்ணையில் மான் தடம் பார்க்கிறவனுக்கு வெயிலில் எல்லாம் பால் ஊற்றினது போலத் தெரிகிறதென்றால் யார் வேலைக்கு வைத்துக்கொள்வார்கள்? ஆனால் வியாழக்கிழமை அவளுக்கே தெரிந்துவிட்டது. கத்தாமல் கேள்.

ஆஸ்திரியாவிலிருந்து ஒரு ஜோடி வந்தது. கிளெமென்ஸ், அவர் மனைவி ரோஸ்விதா. சும்மா ஒட்டகச்சிவிங்கி பார்த்துவிட்டுப் போகத்தான் வந்தார்கள். இரண்டாம் நாள் சாப்பாட்டில் அவருக்கு ஆசை வந்துவிட்டது. "ஒரே ஒரு கெம்ஸ்பாக் மான், ஹெல்கா. ஊருல போய்ச் சொல்லிக்கணும்ல?" என்று முதலாளியம்மாவைப் பிடித்துக்கொண்டார். விண்ட்ஹோக்கிலிருந்து அனுமதிச் சீட்டு வர மூன்று நாள். துப்பாக்கி நம்முடையது. குறி பார்க்கிற அட்டையில் மூன்று குண்டு சுட்டுக் காட்டச் சொன்னோம். ஒன்று அட்டையில், ஒன்று ஓரத்தில், மூன்றாவது எங்கே போனதென்று அதற்கே தெரியாது. "சார், அட்டை ரொம்பப் பயந்துடுச்சு, அது போதும்" என்றேன். அவர் மனைவிதான் விழுந்து விழுந்து சிரித்தாள்.

வியாழன் பத்து மணிக்கு வறண்ட ஆற்றங்கரையில் சுட்டார். மான் துள்ளி ஓடிப் புதரில் மறைந்தது. பட்டதா இல்லையா என்று சொல்வது என் வாய்தானே. ரத்தம் இருந்தால் அடிபட்ட மானைக் கண்டுபிடிக்காமல் திரும்பக் கூடாது; இல்லையென்றால் வேறு மான் தேடலாம். குனிந்து பார்த்தேன். புல் வெளுப்பாக இருந்தது. "ரத்தம் இல்ல, வாங்க போகலாம்" என்றேன்.

கொஞ்ச தூரம் போனதும் ரோஸ்விதா நின்றாள். "எங்காலுல இது என்ன?" என்றாள். நான் நடந்த புல்லில்தான் அவளும் நடந்திருக்கிறாள். கால்சட்டை ஓரமெல்லாம் சிவப்பாம். அப்போதாவது வாயை மூடினேனா? "முள்ளு கிழிச்சிருக்கும்மா" என்றேன். ஹெல்கா திரும்பிப் போய்ப் புல்லைக் கிள்ளி வந்து என் கண்ணுக்கு நேராக நீட்டினாள். அத்தனை கிட்டத்தில்தான் எனக்குத் தெரிந்தது, அடெல்ஹைட். குடலில் குண்டு பட்டால் வருகிற கருஞ்சிவப்பு. மான் எங்கோ படுத்துத் துடித்துக்கொண்டிருக்கிறது, நான் வேறு மான் பார்க்கலாம் என்கிறேன்.

"நட" என்றாள். நடந்தேன். குளம்புத் தடத்தை விரலால் தடவித் தடவிப் போனேன். பின்னங்கால் ஒன்று இழுத்திருந்தது. பின்னால் கிளெமென்ஸ் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது. முள்மரத்தடியில் ஒரு கறையான் புற்று. அதைச் சுற்றிப் போகலாம் என்று கிட்டே போனேன். புற்று எழுந்து நின்றது.

தலையைக் குனிந்துகொண்டு வந்தது. அந்தக் கொம்புகள் என்ன நீளம் என்று உனக்குத் தெரியும். என் தோளுக்கு மேலே ஹெல்காவின் துப்பாக்கி வெடித்தது. மான் என் காலடியில் சரிந்தது. போகிற போக்கில் சட்டைப் பொத்தான் ஒன்றைப் பிய்த்துக்கொண்டது. இன்னும் இடது காதில் மணி அடிக்கிறது.

வேட்டை வழக்கப்படி, சுட்டவர் தொப்பியில் செருகப் பச்சைக் கிளை கொடுத்தேன். கிளெமென்ஸ் வாங்கவில்லை. மான் பக்கத்தில் உட்கார்ந்து அதன் கழுத்தைத் தடவிக்கொண்டே இருந்தார். தடம் பார்க்கிறவனுக்குத் தருகிற ஈரலை அன்றைக்கு நானும் வேண்டாமென்றேன்.

வண்டியில் ஹெல்கா கேட்டாள், "எத்தனை நாளா?" "இன்னிக்கு வெயில் ஜாஸ்திம்மா" என்றேன். "நான் வெயிலக் கேக்கல." இருபத்திரண்டு வருஷமாக அவளிடம் வேலை பார்க்கிறேன்; தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன். "ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வா. அதுவரைக்கும் முன்னால நடக்காத. உன்னைக் குழியில போட எனக்குத் தெம்பு இல்ல" என்றாள்.

அடுத்த புதன்கிழமை விண்ட்ஹோக்கில் நாள் குறித்திருக்கிறார்கள். நீ லீவு கேட்டுக்கொண்டு வந்தால் நன்றாக இருக்கும். எனக்குப் பயமெல்லாம் இல்லை. அந்த ஆஸ்பத்திரியில் ஏகப்பட்ட கதவு. எதில் என்ன எழுதியிருக்கிறதென்று படிக்க ஆள் வேண்டும். நான் பள்ளிக்கூடம் போகாதவன் என்று சொல்லிக்கொள்ளலாம், யாரும் வேறு மாதிரி நினைக்க மாட்டார்கள்.

கர்த்தர் உன் விரல்களை மீன் கத்திக்குத் தப்புவிப்பாராக. செவ்வாய்க்கிழமை பஸ்ஸிலேயே வந்துவிடு. நிறுத்தத்தில் நிற்பேன். என்னைப் பார்த்ததும் பேர் சொல்லிக் கூப்பிடு.

உன்,
ஹிஸ்கியா